எதிலிருந்து அளக்கிறார்கள்?
அத்திப்பட்டிலிருந்து விமானத் துறைச் சொற்களை வாசித்தல்

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்து அத்திப்பட்டுக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு? மீனம்பாக்கம் ஓடுபாதையிலிருந்து நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் வடகிழக்கே கிடக்கும் ஊர் இது. வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், எண்ணெய்க் கிடங்குகள், நிலக்கரி, சாம்பல் என்றுதான் இந்தப் பகுதியைப் பற்றிய எழுத்துகள் அனைத்தும் தொடங்குகின்றன. விமானம் அங்கே தலைக்கு மேல் போகும் ஒரு சத்தம் மட்டுமே. ஆனால் விமானத் துறையின் அடிப்படைச் சொற்கள் பலவற்றின் பொருளைப் பயணிகள் காத்திருக்கும் கூடத்தைவிட இந்த ஊரில் நின்று பார்த்தால் தெளிவாக உணரலாம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். விமானத் துறைச் சொற்களை விளக்கும்போது நாம் எதை விட்டுவிடுகிறோம்? என் விடை: அந்தச் சொல் குறிக்கும் அளவு எதிலிருந்து தொடங்குகிறது என்பதை விட்டுவிடுகிறோம். உயரம் என்றால் எந்தத் தரையிலிருந்து, தாமதம் என்றால் எந்தக் கடிகாரத்தின்படி, விலை என்றால் வரிக்கு முன்பா பின்பா, எடை என்றால் தராசின் எடையா பெட்டியின் பருமனா? இவை தெரியாதபோது சொல்லின் விரிவாக்கம் மட்டும் தெரிந்து பெரிய பயன் இல்லை.

1. சொற்பட்டியல்கள் தருவது

பத்திரிகைகளின் இணைப்பிதழ்களிலும் போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் காணப்படும் விமானச் சொற்பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் உள்ளவை. பி.என்.ஆர்., போர்டிங் பாஸ், கோட்ஷேர், லேஓவர், டர்புலன்ஸ் ஆகியவற்றின் விரிவாக்கம் வரும். சென்னையின் மூன்றெழுத்துக் குறியீடு எம்.ஏ.ஏ., நான்கெழுத்துக் குறியீடு வி.ஓ.எம்.எம். என்பதும் வரும். டிக்கெட் வாங்குபவரை மட்டுமே மனத்தில் வைத்துத் தொகுத்தவை இவை. அவருக்கு உதவுகின்றன என்பதை மறுக்கவில்லை.

இதற்கு எதிரான வாதமும் உண்டு. 1944ஆம் ஆண்டுச் சிகாகோ ஒப்பந்தத்தின் வழி உருவான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஒவ்வொரு சொல்லையும் அளவுமுறையோடு சேர்த்தே வரையறுத்திருக்கிறது; குழப்பம் இருந்தால் அது பாமரர் குழப்பம், துறையின் குழப்பம் அல்ல என்பார்கள். பாதி உண்மை. துறைக்குள் அளவின் தொடக்கப்புள்ளி கறாராக எழுதப்பட்டுள்ளது. செய்திக்கும் கட்டணத்துக்கும் அரசாணைக்கும் அந்தச் சொல் இறங்கி வரும்போதுதான் அது கழன்று விழுகிறது. துறைக்குள்ளேயே கழன்று விழுந்த நிகழ்வு ஒன்றையும் பின்னால் பார்ப்போம்.

முதலில் ஒரு சிறிய எடுத்துக்காட்டு. ஏரோட்ரோம் என்பதையும் ஏர்போர்ட் என்பதையும் பல பட்டியல்கள் ஒன்றாகவே வைக்கின்றன. சர்வதேச வரையறைப்படி ஏரோட்ரோம் என்பது விமானங்கள் இறங்க, ஏற, நகர ஒதுக்கப்பட்ட ஓர் இடம். அது நிலமாகவும் இருக்கலாம், நீராகவும் இருக்கலாம். அத்திப்பட்டுக்கு மேற்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளம் இருந்தது. பின்னாளில் மோட்டார் பந்தயங்களால் பெயர்பெற்ற இடம் அது. அதே போர்க்காலத்தில் செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேடலினா பறக்கும் படகுகள் இறங்கி ஏறின. பயணிகளுக்காக அமைக்கப்படாத அந்த ஏரியும் ஏரோட்ரோம்தான். வடசென்னையின் விமான வரலாறு பயணிகள் பட்டியலுக்குள் அடங்காமல் போனதில் வியப்பில்லை.

2. 275 மீட்டர்

அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் ஏன் அவ்வளவு உயரம்? 1990இல் அறிவிக்கப்பட்ட சுற்றுச்சூழல் விதி 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறன் கொண்ட அலகுகளுக்கு 275 மீட்டர் உயரம் கேட்டது. 200, 210 மெகாவாட் முதல் 500க்குக் கீழ் வரையான அலகுகளுக்கு 220 மீட்டர். வல்லூரின் மூன்று அலகுகளும் தலா 500 மெகாவாட். வடசென்னையின் முதல் கட்டத்தில் 210 மெகாவாட் அலகுகள் மூன்று, இரண்டாம் கட்டத்தில் 600 மெகாவாட் அலகுகள் இரண்டு. கந்தக டை ஆக்சைடைப் பிரித்தெடுக்காமல் மேலே கொண்டுபோய்க் காற்றில் கலந்து நீர்த்துப்போகச் செய்வதே இந்த உயரத்தின் நோக்கம்.

சுற்றுச்சூழல் விதி தேவையென்று கேட்ட அதே உயரத்துக்கு விமானத் துறை தரும் பெயர் ‘தடை’. ஓடுபாதையைச் சுற்றி, வெளிநோக்கிப் போகப் போக உயரும் கற்பனைப் பரப்புகளை வரைந்து, அவற்றைத் துளைக்கும் எதையும் தடை என்கிறார்கள். பெரிய ஓடுபாதையை ஒட்டிய முதல் 4 கிலோமீட்டர் ஆரத்துக்குள் இந்தப் பரப்பு 45 மீட்டரில் நிற்கிறது. விமான நிலையத்துக்கு அருகே அடுக்குமாடி கட்டுவோர் இந்திய விமான நிலைய ஆணையத்திடம் தடையின்மைச் சான்று வாங்க அலைவது இதனால்தான். 2015ஆம் ஆண்டு உயரக் கட்டுப்பாட்டு விதிகள் அதற்கென வண்ண மண்டல வரைபடங்களையும் ஏற்படுத்தின.

அத்திப்பட்டு இந்தப் பரப்புகளுக்கு வெளியே இருக்கிறது. ஆகவே தொடர்பு இல்லை என்று முடித்துவிட முடியாது. சர்வதேச விதியின் பதினான்காம் இணைப்பு, பரப்புகளுக்கு வெளியே இருந்தாலும் தரையிலிருந்து 150 மீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்த பொருள்களைத் தடையாகக் கருதச் சொல்கிறது. சிறப்பு ஆய்வு ஆபத்தில்லை என்று காட்டினால் மட்டுமே விலக்கு. 275 மீட்டர் அந்த வரம்பை எளிதில் தாண்டுகிறது. வண்ணப் பட்டைகளும் எச்சரிக்கை விளக்குகளும் இதன் விளைவே. பட்டையின் அகலத்துக்கும் கணக்கு உண்டு: 270 முதல் 330 மீட்டர் வரையான பொருளுக்கு அதன் நீளத்தில் பதினொன்றில் ஒரு பங்கு. 275ஐப் பதினொன்றால் வகுத்தால் 25 மீட்டர். அடர்நிறமும் வெள்ளையும் மாறி மாறி வர வேண்டும். இரு முனைகளிலும் அடர்நிறமே இருக்க வேண்டும் என்பதால் ஒற்றைப்படை எண். புகைபோக்கிக்கென்று தனியாக ஒரு நுணுக்கமும் சொல்லப்பட்டிருக்கிறது: உச்சி விளக்குகளை உச்சியில் வைக்காமல் சற்றுக் கீழே இறக்கி வைக்க வேண்டும், புகையும் கரியும் அவற்றை மூடிவிடாதிருக்க.

இன்னொரு சொல் இந்த ஊரை நேரடியாகத் தொடுகிறது: குறைந்தபட்ச வட்டப்பகுதி உயரம். விமானிகளின் வரைபடத்தில், விமான நிலையத்தின் வழிகாட்டிக் கருவியை மையமாகக் கொண்டு 25 கடல்மைல், அதாவது சுமார் 46 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைவார்கள். வட்டத்தின் ஒவ்வொரு பகுதியிலும் உள்ள மிக உயர்ந்த தடைக்கு மேல் குறைந்தது 1,000 அடி இடைவெளி விட்டு ஓர் எண்ணைக் குறிப்பார்கள். அவசர நேரத்தில் அந்த எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது. அத்திப்பட்டு இந்த 46 கிலோமீட்டருக்குள் விழுகிறது. 275 மீட்டர் என்பது 902 அடி. அத்துடன் 1,000ஐக் கூட்டினால் 1,902. சென்னையைச் சுற்றிய தட்டை நிலத்தில் இதற்குப் போட்டியாக நிற்கக்கூடிய இயற்கை மேடுகள் அதிகமில்லை.

உயரம் எதிலிருந்து என்ற கேள்விக்கு இப்போது வருவோம். தரைமட்டத்திலிருந்து உயரம், சராசரிக் கடல்மட்டத்திலிருந்து உயரம் என இரண்டு உண்டு. பெங்களூரில் இரண்டுக்கும் இடையே சுமார் 3,000 அடி வித்தியாசம். உப்பங்கழிக் கரையிலுள்ள அத்திப்பட்டில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் விமானத்தின் உயரமானி தரையையோ கடலையோ நேரடியாக அளப்பதில்லை, காற்றழுத்தத்தை அளக்கிறது. அன்றைய கடல்மட்ட அழுத்தத்தைக் கட்டுப்பாட்டு அறை சொல்லும்; விமானி அதைத் தன் கருவியில் திருகி வைக்க வேண்டும். க்யூ.என்.எச். என்று பட்டியல்களில் ஒரு வரியில் முடிந்துபோவது இந்த எண்தான். இயல்பு வளிமண்டலத்துக்கான மதிப்பு 1013.25 ஹெக்டோபாஸ்கல், கடல்மட்டத்துக்கு அருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் சுமார் 27 அடிக்குச் சமம். வங்கக்கடலில் புயல் நெருங்கி அழுத்தம் 990க்கு இறங்கியிருக்கிறது என்று கொள்வோம். கருவியை 1013இலேயே விட்டுவிட்டால் பிழை ஏறத்தாழ 620 அடி. கருவி 1,500 அடி என்று காட்டும்போது விமானம் உண்மையில் 880 அடியில் பறந்துகொண்டிருக்கும். புகைபோக்கியின் உச்சி 902 அடி.

இங்கே ஒரு கொள்கைச் செய்தியைச் சேர்க்க வேண்டும். 2015 டிசம்பரில் கந்தக உமிழ்வுக்குப் புதிய வரம்புகள் வந்த பிறகு, வாயுவைச் சுத்திகரிக்கும் கருவி பொருத்தினால் அவ்வளவு உயரம் தேவையில்லை என்ற நிலை உருவாயிற்று. 2025 ஜூலையில் மத்திய அரசு பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியிலிருந்து விலக்கு அளித்தது. விலக்குப் பெற்றவை 1990ஆம் ஆண்டின் உயர விதியைப் பின்பற்றினால் போதும். அதாவது சுத்திகரிப்புக்குப் பதிலாக உயரம் மறுபடியும் ஏற்கப்பட்டிருக்கிறது. சுற்றுச்சூழல் விவாதங்களில் இந்த உயரம் தீர்வாகவும், விமானத் துறை ஆவணங்களில் தடையாகவும் பதிவாவதை ஒரே மேசையில் வைத்துப் பேசிய எழுத்து அரிது.

3. எரிபொருளின் மூன்று கணக்குகள்

மணலியிலுள்ள சென்னை பெட்ரோலியம் ஆலை 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோக்கோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியாகத் தொடங்கியது. அதன் உற்பத்திகளில் ஒன்று விமான எரிபொருள், அதாவது ஏ.டி.எஃப். மணலியிலிருந்து மீனம்பாக்கத்துக்கு அது குழாய்வழி போகிறது. மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்ததுதான் என்றாலும், மைனஸ் 47 டிகிரி செல்சியஸ் வரை உறையாத தரம் வேண்டும்.

முதல் கணக்கு அளவு. எண்ணெய் நிறுவனங்கள் இதைக் கிலோலிட்டர் கணக்கில் விற்கின்றன. விமானிக்குத் தேவையானது எடை. ஒரு லிட்டர் சுமார் 0.8 கிலோ. ஆனால் வெயிலில் எண்ணெய் விரிகிறது: 20 டிகிரி கூடினால் கன அளவு இரண்டு விழுக்காட்டளவு பெருகும். ஆகவே 15 டிகிரிக்குத் திருத்திய கன அளவு என்றொரு அடிப்படை தேவைப்படுகிறது. இந்த மாற்றத்தில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1983 ஜூலை 23 சாட்சி. ஏர் கனடாவின் போயிங் 767 விமானத்தில் லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்குரிய 0.80க்குப் பதிலாகப் பவுண்டுக்குரிய 1.77ஐப் பயன்படுத்திவிட்டார்கள். தேவையானதில் பாதிக்கும் குறைவான எண்ணெயோடு கிளம்பிய விமானம் நடுவானில் இரு இயந்திரங்களும் நின்று, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படை ஓடுதளத்தில் மிதந்து வந்து இறங்கியது. அந்த ஓடுதளமும் சோழவரத்தைப் போலவே மோட்டார் பந்தயத் தடமாக மாறியிருந்தது.

இரண்டாவது கணக்கு விலை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி செய்திகளில் வரும் ஏ.டி.எஃப். விலை மாநில மதிப்புக்கூட்டு வரியைப் பொறுத்து ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு ஆகியவற்றோடு இதுவும் வெளியே நிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் நீண்ட காலமாக இதன் வரி 29 விழுக்காடு. பல மாநிலங்கள் அண்மை ஆண்டுகளில் ஒன்று முதல் ஐந்து விழுக்காட்டுக்குள் குறைத்திருக்கின்றன. டேங்கரிங் என்ற சொல் இந்த வித்தியாசத்தில் உயிர்வாழ்கிறது: வரி குறைந்த ஊரில் கூடுதலாக எண்ணெய் நிரப்பிக்கொண்டு, வரி மிகுந்த ஊரில் குறைவாக வாங்குவது. சும்மா சுமந்து போக முடியாது. கூடுதலாக ஏற்றிய எண்ணெயில் மணிக்கு மூன்று, நான்கு விழுக்காடு அதைச் சுமப்பதற்கே எரிந்துவிடும். குறுந்தூரப் பயணத்தில் இந்தச் சேதத்தைவிட வரிமிச்சம் பெரிதாக இருந்தால் சுமக்கிறார்கள்.

விமான நிறுவனங்களின் அறிக்கைகளை மட்டும் படித்தால் 29 விழுக்காடு என்பது மாநிலத்தின் பேராசை போலத் தோன்றும். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஜி.எஸ்.டிக்குப் பிறகு மாநிலங்கள் தாமே விகிதம் தீர்மானிக்க எஞ்சிய பொருள்கள் மிகச் சில; எண்ணெய் அவற்றில் ஒன்று. சுத்திகரிப்பின் புகையைச் சுவாசிக்கும் மணலி, 2009இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட கடும் மாசுப்பகுதிகளின் பட்டியலில் இடம்பெற்றது. வரியைக் குறைக்கச் சொல்பவர்கள் அந்தச் செலவு யார் கணக்கில் என்று சொல்வதில்லை. வரியை வாங்கும் அரசும் அந்தப் பணத்தில் மணலிக்கென்று எதையும் தனியே ஒதுக்கிக் காட்டுவதில்லை.

மூன்றாவது கணக்கு கரிம உமிழ்வு. உள்நாட்டு விமானம் எரிக்கும் எண்ணெயின் உமிழ்வு இந்தியாவின் கணக்கில் சேரும். சென்னையில் நிரப்பிச் சிங்கப்பூர் போகும் விமானத்தின் உமிழ்வோ, சர்வதேசக் கணக்கிடல் நெறிப்படி, நாட்டின் மொத்தத்தில் சேராமல் ‘பங்கர்’ என்ற தனிக் குறிப்பில் நிற்கும். எண்ணூரில் எண்ணெய் நிரப்பி அயல்நாடு செல்லும் கப்பலுக்கும் இதே ஏற்பாடுதான். கோர்சியா என்ற உலகத் திட்டம் இந்த இடைவெளியை நிரப்ப வந்தது. அதன் தொடக்கப்புள்ளியும் நகர்ந்திருக்கிறது: 2019, 2020 ஆண்டுகளின் சராசரி என்று முதலில் இருந்தது, பெருந்தொற்றால் 2020 வீழ்ந்ததும் 2019 மட்டும் என்றாகி, இப்போது 2019இன் 85 விழுக்காடு. இந்தியா 2027இல் தொடங்கும் கட்டாயக் கட்டத்தில்தான் சேர்கிறது.

4. பெட்டியின் எடை

ராயபுரம், பாரிமுனைப் பகுதிகளின் சுங்க முகவர் அலுவலகங்களில் இரண்டு காகிதங்களும் ஒரே மேசையில் கிடக்கும்: கப்பலுக்குப் பில் ஆஃப் லேடிங், விமானத்துக்கு ஏர்வே பில். பட்டியல்கள் இரண்டாவதை முதலாவதன் வான்வழிப் பிரதி என்பதுபோல எழுதுகின்றன. அது தவறு. பில் ஆஃப் லேடிங் சரக்கின் மீதான உரிமையையே சுமக்கும் ஆவணம். அதைக் கைமாற்றினால் கடலில் மிதக்கும் சரக்கும் கைமாறும். இந்தியாவில் இதற்கான 1856ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025இல்தான் புதிய சட்டம் வந்தது. ஏர்வே பில்லுக்கு அந்த ஆற்றல் இல்லை. அது ரசீது, ஒப்பந்தச் சான்று, அவ்வளவே. சில மணிநேரத்தில் போய்ச் சேரும் சரக்கை வழியில் விற்பதற்கு அவகாசமும் இல்லை.

எடையில் இருக்கும் நுணுக்கம் இன்னும் கூர்மையானது. விமானச் சரக்கில் 6,000 கன சென்டிமீட்டரை ஒரு கிலோவாகக் கொண்டு பரும எடை கணிக்கிறார்கள். உண்மை எடை, பரும எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். 60, 50, 40 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு பெட்டி 8 கிலோ எடை என்றாலும், அதன் பரும எடை 20 கிலோ. கட்டணம் 20 கிலோவுக்கு. அதே பெட்டி தொலைந்தால்? 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தம் இழப்பீட்டின் உச்சவரம்பைக் கிலோவுக்கு இவ்வளவு எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) என்று வகுத்திருக்கிறது, 2024 டிசம்பர் முதல் அது 26. அங்கே கணக்கில் வருவது பொட்டலத்தின் எடை, அதாவது 8 கிலோ. அனுப்புபவர் தனியாக மதிப்பை அறிவித்துக் கூடுதல் தொகை கட்டியிருந்தால் ஒழிய, 20 கிலோவுக்குப் பணம் கொடுத்தவருக்கு 8 கிலோவுக்குத்தான் பாதுகாப்பு. இரண்டு விதிகளும் தனித்தனியே நியாயமானவை. ஒன்று இடத்தை விற்கிறது, மற்றொன்று பொருளை மதிக்கிறது. சிறு ஏற்றுமதியாளர் இதைத் தொலைத்த பிறகே கற்றுக்கொள்கிறார்.

5. அட்டவணையும் கடிகாரமும்

லோடு ஃபேக்டர் என்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம். நிரம்பிய இருக்கைகளின் விழுக்காடு என்ற விளக்கம் போதாது. தூரம் சேர்த்த கணக்கு அது. 180 இருக்கை விமானம் ஒன்று 400 கிலோமீட்டர் பயணத்தில் 150 பேரையும், 1,800 கிலோமீட்டர் பயணத்தில் 120 பேரையும் ஏற்றினால், இருக்கைக் கணக்கில் சராசரி 75 விழுக்காடு. துறைக் கணக்கில் 70தான். நீண்ட வழித்தடங்களே எண்ணைத் தீர்மானிக்கின்றன. இந்தக் கணக்குமுறையை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாத அறிக்கையில் எல்லாம் இருக்கிறது. செய்தி எழுதுவோர் விட்டுவிடுகிறார்கள்.

பிளாக் டைம் அப்படியல்ல. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கியது முதல் சேரும் ஊரில் நிறுத்தப்படும் வரையான நேரம் அது. அட்டவணையில் இந்த நேரத்தைத் தாராளமாகப் போட்டுவிட்டால் தாமதமாகக் கிளம்பியும் ‘நேரத்துக்கு’ச் சேரலாம், 15 நிமிடத்துக்குள் இருந்தால் தாமதமே இல்லை என்பது பொது வழக்கம். 2016இல் திருத்தப்பட்ட இந்திய விதியில் முன்னறிவிப்பின்றி ரத்தாகும் பயணத்துக்கான இழப்பீடும் இந்த நேரத்தையே பற்றி நிற்கிறது: ஒரு மணிநேரம் வரை 5,000 ரூபாய், இரண்டு மணிநேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. ‘எது குறைவோ’ என்ற இரண்டு சொற்களில் பயணி தோற்றுவிடுகிறார். மலிவு டிக்கெட்டில் அந்த உச்சத்தொகையை எட்டுவது கடினம்.

பணிநேரம் பற்றிய சொற்களை அத்திப்பட்டில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. அனல்மின் நிலையத்தில் நைட் ஷிப்ட் பார்த்தவருக்கு, டூட்டி என்பது இயந்திரம் ஓடும் நேரமல்ல, கேட்டுக்குள் நுழைந்ததிலிருந்து என்பது தெரியும். விமானியின் பறக்கும் நேரமும் பணிநேரமும் அப்படித்தான் வேறுபடுகின்றன. பின்னது அவர் வந்து கையெழுத்திட்டதிலிருந்து ஓடுகிறது. புதிய பணிநேர விதிகள் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கின, இரவு என்பதன் எல்லையைக் காலை 5 மணியிலிருந்து 6 மணிக்கு நீட்டின, இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாக்கின. அவற்றின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சில வாரங்களில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகின. செய்திகளில் அது விதியின் குற்றமாகவே பெரிதும் சித்திரிக்கப்பட்டது. விதி ஒரே நாளில் முளைத்ததல்ல. முன்கூட்டியே அறிவித்துப் படிப்படியாக அமலானது. நிறுவனம் ஆள் எடுப்பதைத் தள்ளிப்போட்டதா என்ற கேள்விக்குத்தான் அதிக இடம் கிடைத்திருக்க வேண்டும்.

6. இரண்டு அறிவிப்புகள்

அத்திப்பட்டுக்கு வடக்கே பழவேற்காடு ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. ஒவ்வொரு ராக்கெட் ஏவுதலுக்கு முன்பும் நோட்டம் எனப்படும் அறிவிப்பு வெளியாகிறது. சென்னை வான்தகவல் பகுதியில், வங்கக்கடலின் மேல் குறிப்பிட்ட ஆயத்தொலைகளுக்குள் குறிப்பிட்ட நேரத்தில் பறக்கக் கூடாது என்று அது சொல்லும். ஆபத்துப் பகுதி, கட்டுப்படுத்தப்பட்ட பகுதி, தடைசெய்யப்பட்ட பகுதி என்று மூன்று படிநிலைகளும் இந்த ஆவணங்களில்தான் பொருள் பெறுகின்றன. முதலாவதில் எச்சரிக்கை, இரண்டாவதில் நிபந்தனையோடு அனுமதி, மூன்றாவதில் நுழைவே இல்லை. நேரம் முழுவதும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். 2330 என்று அச்சாகியிருந்தால் அத்திப்பட்டில் மறுநாள் காலை 5 மணி.

விமான நிறுவனம் அந்த அறிவிப்பைப் பெற்றதும் பாதையை மாற்றும். கூடுதல் தூரத்துக்கான எரிபொருள் அதன் செலவுக் கணக்கில் ஏறும், ஆண்டறிக்கையில் எங்கோ ஒரு வரியாகப் பதிவாகும். அதே ஏவுதலுக்காகப் பழவேற்காட்டு மீனவர்களிடமும் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லப்படுகிறது. அது இந்திய நேரத்தில், தமிழில், கரையில் சொல்லப்படும் அறிவிப்பு. ஏவுதல் வானிலையால் ஒரு நாள் தள்ளிப்போனால் நோட்டம் ரத்தாகிப் புதிய எண்ணோடு மறுபடி வரும். ஒவ்வொரு மாற்றமும் கோப்பில் இருக்கும். படகு இறக்காத நாள்களுக்கு அப்படி ஒரு வரிசை எண் கிடையாது.